இதய நோய் ஆராய்ச்சிக்கு அப்பாவை அழைக்கிறார்கள், கையை இறுக்கிக் கட்டி ஸ்கேன் எடுப்பார்களாம். அடைப்பு இருந்தால் இலவசமாகத் தெரிந்துவிடும். அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் "அடைப்பு இருந்தால் இலவசமாகத் தெரிந்துவிடும்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த எண்ணத்தோடு மட்டும் அனுப்பாதீர்கள். இந்தச் சோதனை அடைப்பைத் தேடுவதில்லை, கையின் ரத்தக்குழாய் எவ்வளவு விரிகிறது என்று அளக்கிறது.

என் அப்பா குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். திருவனந்தபுரத்தில் இதே போன்ற ஓர் ஆய்வில் சேர்ந்தார். முதல் நாள் போன காரியம் நடக்கவில்லை. வெறும் வயிற்றில் வர வேண்டும், சாயாவும் புகையும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். களியக்காவிளையில் பஸ் மாறும்போது நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அப்பா ஒரு கட்டன் சாயாவையும் ஒரு பீடியையும் முடித்துவிட்டார். "சாயா சாப்பாட்டுக் கணக்கில் வராது மக்களே" என்றார். அங்கே கணக்கில் வந்தது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அன்று கோபம். சாயாவும் பீடியும் சில மணி நேரத்துக்கு ரத்தக்குழாயின் போக்கையே மாற்றும், அளவு பொய்யாகிவிடும் என்பது பிறகுதான் புரிந்தது.

இரண்டாம் முறை நானும் உள்ளே இருந்தேன். அமைதியான, குளிர்ந்த அறை. முழங்கைக்குக் கீழே பிரஷர் பார்க்கும் பட்டை, மேலே ஸ்கேன் கருவி. திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவே கறுப்பு. அதுதான் ரத்தக்குழாய். பட்டையில் காற்றை ஏற்றி ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்தினார்கள். விரல்கள் வெளுத்தன, எறும்பு ஊர்கிறது என்றார் அப்பா. காற்றை இறக்கியதும் ரத்தம் பாயும் இரைச்சல் கருவியில் கேட்டது. அந்தப் பாய்ச்சலுக்குக் குழாய் எவ்வளவு விரிகிறது என்பதுதான் சோதனை. 4 மில்லிமீட்டர் குழாய் 4.2 ஆனால் 5 சதவீதம். கண்ணால் பிடிக்க முடியாத இந்த நூலிழைக்காகத்தான் அத்தனை கெடுபிடியும்.

விரியச் செய்வது குழாயின் உள்பக்கத்தில் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கும் செல்கள். 1980இல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் ரத்தக்குழாயை வைத்து இதைக் காட்டினார். உள்படலம் இருந்தால் அசிட்டைல்கோலின் மருந்துக்குக் குழாய் தளர்ந்தது. படலம் உரசிப் போயிருந்தால் தளரவில்லை. அந்தப் படலம் விடும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னர் தெரிந்தது. 1998இல் அவர் உட்பட மூவருக்கு நோபல் பரிசு. அப்பாவிடம் இதைச் சொன்னபோது சட்டென்று பிடித்துக்கொண்டார்: "கத்தி ஆழமாகப் பட்டு மரத்தின் தடி காயப்பட்டால் அந்த இடத்தில் பட்டை நேராக வளராது. மெல்லிய தோலில்தான் எல்லாம் இருக்கிறது." இதைவிட நன்றாக எந்த மருத்துவரும் எனக்கு விளக்கியதில்லை.

1992இல் லண்டனில் மருத்துவர் செலர்மேயர் குழுவினர் இந்தக் கைச் சோதனையை வெளியிட்டார்கள். இதய நோய் அறிகுறியே இல்லாத புகைப்பவர்களிடமும், பரம்பரையாக ரத்தத்தில் கொழுப்பு மிகுந்த குழந்தைகளிடமும் விரிவு குறைந்திருந்தது. அடைப்பு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே படலம் பழுதாகிறது என்பதை ஊசி குத்தாமல் பார்க்க முடிந்தது. எனக்கு இது பெரிய விஷயம். 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், புகையை விட்டவர்களுக்கு ஓராண்டில் இந்த விரிவு கூடியது, விடாதவர்களுக்கு மாறவில்லை.

ஆனாலும் தனி ஒருவருக்கு இந்த எண்ணை வைத்து மருந்து தீர்மானிப்பதில்லை. அளப்பவர் கை, நேரம், அறையின் சூடு எல்லாம் அதை மாற்றும். நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதற்குப் பொருள். அப்பாவுக்கு நெஞ்சு வலியோ நடக்கையில் மூச்சு வாங்கலோ இருந்தால் ஆராய்ச்சித் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். எங்களுக்கு முதலில் மலையாளத்தில் நீட்டினார்கள். கேட்ட பிறகு தமிழ்ப் படிவம் வந்தது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் சிகிச்சை பாதிக்கப்படாது என்ற வரி அதில் இருக்க வேண்டும்.

இன்னொன்று முக்கியம். சோதனையின் கடைசியில் நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் என்ற, ரத்தக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுக்கும் ஆய்வுகள் உண்டு. தலைவலி வரலாம். சில்டெனாஃபில் போன்ற ஆண்மைக் குறைவு மாத்திரை எடுத்திருந்தால் ரத்த அழுத்தம் அபாயமாகச் சரியும். நம் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகள் முன்னால் இதைச் சொல்ல மாட்டார்கள். மருந்து விவரம் கேட்கும் நேரத்தில் நீங்கள் வெளியே வந்துவிடுங்கள்.

கட்டன் சாயாவை ஃப்ளாஸ்கில் கொண்டு போங்கள். சோதனை முடிந்து வெளியே வந்ததும் கொடுக்கலாம்.