தொலை அகச்சிவப்பு லேசருக்கு அண்டுலேட்டர் காந்தம்: கேள்வி பதில்

கேள்வி: கட்டற்ற எலெக்ட்ரான் லேசரில் (அண்டுலேட்டர் எனும் காந்த வரிசைக்குள் எலெக்ட்ரான்களை நெளிந்து ஓடவிட்டு ஒளி எடுக்கும் கருவி) 100 மைக்ரான் அலைநீள ஒளி வேண்டும். கணக்கை எங்கிருந்து தொடங்குவது சார்?

பதில்: பலரும் காந்தப்புலத்தில் தொடங்குவார்கள். நான் காந்தங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தொடங்கச் சொல்வேன். இந்த அலைநீளத்தில் ஒளி தாராளமாக விரியும். 2.5 மீட்டர் அண்டுலேட்டரின் நடுவில் ஒளிக்கற்றையின் ஆரம் 5.6 மி.மீ. என்றால், முனையில் 9 மி.மீ. ஆகிவிடும். ஓரம் வெட்டுப்படாமல் போக, அதைப்போல மூன்று மடங்கு உள்விட்டமாவது, காந்தங்களுக்கு நடுவே கற்றை செல்லும் வெற்றிடக் குழாய்க்கு வேண்டும். சுவரையும் சேர்த்தால் இடைவெளி 30 மி.மீ. பக்கம் வந்துவிடும். அப்புறம்தான் பீரியட், அதாவது காந்தப்புலம் ஒருமுறை மாறித் திரும்பும் நீளம். 10 எம்.இ.வி. (மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்) ஆற்றலுள்ள எலெக்ட்ரான், 50 மி.மீ. பீரியட், கே மதிப்பு (எலெக்ட்ரான் எவ்வளவு நெளிகிறது என்பதன் அளவு) 1.2 என்று வைத்தால் 100 மைக்ரானைத் தொடலாம். அதற்கு உச்சப்புலம் 0.26 டெஸ்லா போதும். நியோடிமியம் காந்தமும் இரும்புத் துருவமும் கலந்த ஹைப்ரிட் அமைப்பு அதைத் தந்துவிடும்.

கேள்வி: பீரியடை 30 மி.மீ. ஆக்கினால் நீளம் மிச்சமாகுமே?

பதில்: நீளம் மிச்சம்தான், ஆனால் லேசர் கிடைக்காது. அதே இடைவெளியில் புலம் 0.1 டெஸ்லாவுக்கு இறங்கி, கே 0.3-ஐக்கூட எட்டாது.

கேள்வி: அலைவழிகாட்டி (ஒளியை விரியவிடாமல் கொண்டுபோகும் குழாய்) போட்டு இடைவெளியைக் குறைக்கலாமா?

பதில்: குறைக்கலாம். ஆனால் அதற்குள் ஒளியின் வேகம் மாறுவதால் எந்த அலைநீளம் பெருகும் என்ற ஒத்திசைவுக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். வாயில் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒளி இழப்பு உண்டு.

கேள்வி: பீரியட் எண்ணிக்கையைக் கூட்டினால் ஒளிப் பெருக்கம் கூடும்தானே?

பதில்: எலெக்ட்ரான் கொத்து நீளமாக இருந்தால் சரி. ஒரு பீரியடுக்கு ஓர் அலைநீளம் வீதம் ஒளி எலெக்ட்ரானை முந்தும். 50 பீரியட் என்றால் 5 மி.மீ., அதாவது சுமார் 17 பிகோசெகண்ட். கொத்து 10 பிகோசெகண்ட்தான் என்றால் ஒளி அதைத் தாண்டிப் போய்விடும்.

கேள்வி: காந்தங்களை வரிசைப்படுத்திப் புலப்பிழையைக் குறைத்துவிட்டோம். இன்னும் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பூமியின் காந்தப்புலத்தை! ஆற்றல் குறைந்த எலெக்ட்ரான் எளிதில் வளைந்துவிடும். பாதைக்குக் குறுக்கே 0.5 காஸ் (0.00005 டெஸ்லா) இருந்தாலே, 10 எம்.இ.வி. கற்றை 2.5 மீட்டரில் ஏறக்குறைய நாலரை மி.மீ. விலகும். நீளம் முழுக்கத் திருத்தச் சுருள் வையுங்கள். வெற்றிடத்துக்கான அயான் பம்பின் காந்தமும் எட்டிப் பார்க்கும். அதனால் அண்டுலேட்டரை நிறுவிய பிறகு, பம்புகளும் இடத்தில் இருக்கும்போதே, புலத்தை அளக்கும் ஹால் புரோபை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.