நம்ம ரத்தம் இல்லாத கணக்கு: மரபணு பற்றிக் கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் எங்க தெரு வாசகசாலைப் பெட்டியில் எழுதிப் போட்ட கேள்விகள் இவை. மரபணுத் தரவை அலசுறதுதான் என் வேலை, அதனால பதில் சொல்லும் பொறுப்பு என்னுது.

ராயபுரம், ஆட்டோ ஓட்டும் அண்ணன்: காசு கட்டி மரபணு டெஸ்ட் எடுத்தேன் தம்பி. மாரடைப்பு ரிஸ்க் கம்மின்னு வந்துச்சு. எங்க அப்பா 48 வயசுல நெஞ்சுவலியில போயிட்டாரு. எதை நம்புறது?

அப்பா போன வயசை நம்புங்கண்ணே. அப்பாவுக்கோ கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கோ 55 வயசுக்குள்ள மாரடைப்பு வந்திருந்தா, டாக்டருங்க அதைத் தனியா குறிச்சுக்குவாங்க. மறக்காம சொல்லுங்க.

அந்த டெஸ்ட்ல வர்ற ரிஸ்க் ஸ்கோர் என்னன்னா, மரபணுவுல ஆயிரக்கணக்கான இடங்களைப் பார்த்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்ன மதிப்பு போட்டுக் கூட்டுறது. அந்த மதிப்பு யார் ரத்தத்துல இருந்து வந்துச்சு? 2019-ல கணக்கெடுத்தப்போ, மரபணுவுக்கும் நோய்க்கும் தொடர்பு தேடுற ஆய்வுகள்ல கலந்துக்கிட்டவங்கள்ல சுமார் 79 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளி. அதே ஸ்கோரைத் தெற்காசியர்கள்கிட்ட வச்சுப் பார்த்தா, துல்லியம் சராசரியா 37 சதவீதம் குறைஞ்சுது.

ஏன்னா, ஸ்கோர்ல இருக்கிற பெரும்பாலான இடங்கள் நோய்க்குக் காரணம் இல்ல, காரணத்துக்குப் பக்கத்துல இருக்கிற அடையாளம். கல்மண்டபத்துல இறங்கி, டீக்கடைக்கு மூணாவது வீடுன்னு வழி சொன்னா ராயபுரத்துல ஆளைப் பிடிச்சிடலாம். அதே வழியை வச்சுக்கிட்டு எம்.கே.பி. நகர்ல தேடினா டீக்கடை இருக்கும், மூணாவது வீட்டுல வேற யாரோ இருப்பாங்க.

வியாசர்பாடி, கல்லூரி மாணவி: நம்ம ஆளுங்களுக்குன்னே இருக்கிற மாற்றம் ஏதாவது இருக்காண்ணா?

இருக்கும்மா. இதயத் தசைக்கான எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவுல 25 எழுத்து விடுபட்டுப்போன ஒரு மாற்றம். 2009-ல வெளியான ஆய்வுப்படி, தெற்காசியாவுல நூத்துக்கு நாலு பேர்கிட்ட இருக்கு. இதயம் பலவீனமாகுற ஆபத்தைக் கூட்டுது. ஐரோப்பியர்கிட்ட மட்டும் தேடியிருந்தா இது கண்ணுலயே பட்டிருக்காது.

காசிமேடு, மீன் விக்கிற அக்கா: ரத்தம் எடுத்துட்டுப் போனவங்க திரும்பி வரவே இல்ல. குடுத்தா எங்களுக்கு என்ன?

உங்க கோபம் நியாயம்க்கா. எங்க அம்மாவும் ஒரு ஆராய்ச்சிக்குக் குடுத்தாங்க. படிவம் இங்கிலீஷ்ல இருந்துச்சு. என்ன கண்டுபிடிச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை இல்ல.

ஊதா மூடி போட்ட குழாய்ல எடுக்கிற அந்த ரத்தத்துல, வெள்ளை அணுவை உடைச்சு ஆல்கஹால் ஊத்தினா பஞ்சு நூல் மாதிரி வெள்ளையா திரண்டு மேல வரும். அதுதான் டி.என்.ஏ. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குக் கை ஒரு நொடி நின்னுடும். ஒருத்தரோட அம்மா, ஆயா எல்லாம் அதுல இருக்காங்க. அதனால கேளுங்க: தமிழ்ல படிச்சுக் காட்டுவீங்களா, யார்கிட்ட இருக்கும், கம்பெனிக்குப் போகுமா, ஆபத்தா எதாவது தெரிஞ்சா சொல்லுவீங்களா, நாளைக்கு வேணாம்னா விலகலாமா. பதில் வரலைன்னா கையெழுத்து போடாதீங்க. போடலைங்கிறதுக்காக உங்க வைத்தியத்தை நிறுத்த யாருக்கும் உரிமை இல்ல. பதில் சரியா இருந்தா குடுங்கக்கா. நீங்க இல்லாத கணக்கு உங்க பிள்ளைங்களுக்கும் தப்பாத்தான் வரும்.

பெரம்பூர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்: மரபணுத் தரவை நம் நாட்டிலேயே சேகரிக்கிறார்களாமே?

ஆமாங்க ஐயா. ஜீனோம் இந்தியா திட்டம் 2020-ல ஆரம்பிச்சுது, 20 நிறுவனங்கள் சேர்ந்து. 83 சமூகக் குழுக்கள்ல இருந்து 9,772 பேரோட மரபணுத் தொகுதியை அலசியிருக்காங்க. ஃபரீதாபாத்துல இருக்கிற இந்திய உயிரியல் தரவு மையத்துல வச்சு, 2025 ஜனவரியில ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டாங்க. நல்ல தொடக்கம். ஆனா ரிஸ்க் ஸ்கோருக்கு மரபணு மட்டும் பத்தாது. யாருக்கு எப்போ சுகர் வந்துச்சு, யாருக்கு அட்டாக் வந்துச்சுன்னு லட்சக்கணக்கான பேரோட விவரமும் கூடவே வேணும்.

கொருக்குப்பேட்டை தம்பி: தரவுல இருந்து பேரை எடுத்துட்டா போதும்லண்ணா, யாருன்னு தெரியாதுல்ல?

போதாதுடா. 2023-ல அமெரிக்காவுல மரபணு டெஸ்ட் பண்ற 23அண்ட்மீ நிறுவனத்துல திருடனுங்க நுழைஞ்சது சுமார் 14,000 கணக்குல. போனது 69 லட்சம் பேரோட விவரம், ஏன்னா சொந்தக்காரங்களைக் காட்டுற வசதி வழியா எல்லாரும் பின்னியிருந்தாங்க. அதனால ஆள் ஆளா இருக்கிற தரவு பூட்டின இடத்துலயே இருக்கணும், ஆராய்ச்சியாளர் அங்க வந்து கணக்குப் போடணும். கூட்டுத்தொகை மட்டும் வெளிய போய் மத்த நாட்டுக் கணக்கோட சேரட்டும்.

புளியந்தோப்பு, ஒரு அம்மா: எட்டு வயசுப் பையனுக்கு இந்த ரிஸ்க் டெஸ்ட் எடுக்கலாமா?

வேணாம்மா. மேல சொன்ன மாதிரி அந்த ஸ்கோர் நமக்கு இன்னும் சரியா பொருந்தல. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல நீங்களும் வீட்டுக்காரரும் சுகர், பிரஷர் பார்த்துட்டு வாங்க. அதுக்குக் காசும் கிடையாது.