மோட்ஸ்-சி ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: வயது 58. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் எடுக்கிறேன். ஜிம்மில் ஒருவர் ‘மோட்ஸ்-சி’ தூள் விற்கிறார், 10 மில்லிகிராம் குப்பி. உடம்பிலேயே ஊறுகிற பொருள்தானே, போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: வேண்டாம் ஐயா. இன்சுலினும் உடம்பில் ஊறுவதுதான்; அதை அளவு தெரியாமல் யாரும் குத்திக்கொள்வதில்லை. மோட்ஸ்-சி, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த மரபணுத் தொடரிலிருந்து வரும் பெப்டைடு, அதாவது 16 அமினோ அமிலச் சங்கிலி. 2015இல் தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தார்கள். செல்லுக்குள் ஏ.எம்.பி.கே. என்ற எரிபொருள் உணரியை அது முடுக்குகிறது. கொழுப்புத் தீனி தின்ற எலிகள் அதனால் பருக்கவில்லை. இன்சுலினுக்கும் நன்றாகப் பணிந்தன. எலிக்குச் சரி. மனிதருக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று யாரும் நிறுவவில்லை. இதை மாற்றியமைத்த ஒரு மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஊசி போட்ட இடம் தடித்து, ஆய்வையே இடையில் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை கிளிக்லசைடுதான். அது தனியாகவே சர்க்கரையைத் தாழ்த்தக்கூடியது. அளவு தெரியாத இன்னொன்று சேர்ந்தால் எவ்வளவு இறங்கும் என்று கணிக்க முடியாது. ஏற்கெனவே போட்டுவிட்டு வியர்வை, கைநடுக்கம் வந்தால் விரலில் குத்திப் பாருங்கள். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

கேள்வி: 99 சதவீதம் தூய்மை என்று சான்றிதழ் காட்டுகிறார்களே?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அந்த 99 கலப்படப் பெப்டைடு குறைவு என்று மட்டுமே சொல்கிறது. கிருமி இல்லை, காய்ச்சல் தரும் பாக்டீரியா நச்சு இல்லை என்பவை தனிச் சோதனைகள். அந்தத் தாளில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். 10 மில்லிகிராம் தூளும் முழுக்கப் பெப்டைடு அல்ல, ஈரமும் உப்பும் அதில் அடக்கம். இந்தச் சங்கிலியில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இரண்டு உண்டு. காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும், கண்ணுக்கு எதுவும் தெரியாது.

கணக்குப் பிசகு வேறு. 10 மில்லிகிராமை 2 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால், 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் 10 யூனிட் கோடு (0.1 மில்லிலிட்டர்) என்பது 500 மைக்ரோகிராம். மில்லியையும் மைக்ரோவையும் மாற்றிப் படித்தால் ஆயிரம் மடங்கு தப்பு. ‘ஆய்வுக்கு மட்டும்’ என்ற முத்திரை விற்பவரைக் காக்க ஒட்டியது, உங்களை அல்ல.

கேள்வி: தம்பி காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறான். அவனுக்கு உதவுமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் மோட்ஸ்-சி உள்ளது. சோதனையில் சிக்கினால் தகுதி போகும். அதோடு, 2021இல் வந்த ஆய்வில் சைக்கிள் மிதித்த இளைஞர்களின் தசையில் மோட்ஸ்-சி சுமார் 12 மடங்கு கூடியிருந்தது. ஓடுகிற பையன் அதைத் தானே தயாரித்துக்கொண்டிருக்கிறான்.