மூன்று ரூபாய்க்கு ஒரு கோப்பு

அரசு அலுவலகக் கணக்குப் பிரிவில் 33 ஆண்டுகள் குப்பை கொட்டி, சூப்பரின்டெண்டென்ட்டாக ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில்: சில்லறை பாக்கிகள்.

*

2023-ல் வீட்டு வரி கட்டி ஆறு மாதம் கழித்து, ‘2 ரூபாய் நிலுவை’ என்று பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. ஒப்புகை அட்டையோடு சேர்த்து உறை மேல் இருந்த தபால்தலையே 25 ரூபாய். இந்தக் கணக்குக்கூடத் தெரியாதவர்களா உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்?
*– வாசகர், திண்டுக்கல்*

நன்றாகவே தெரியும் சார். அந்த நோட்டீஸை எழுதியவர் அன்றைக்குச் சாயந்திரம் கீரைக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசியிருப்பார்.

விஷயம் வேறு. அந்த 25 ரூபாய் ‘தபால் செலவு’ என்ற தலைப்பில் போகிறது. உங்கள் 2 ரூபாய் ‘நிலுவை’ என்ற தலைப்பில் நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பதிவேடு எந்த அலுவலகத்திலும் கிடையாது. தபால் செலவு கூடிப்போனதற்காக ஒரு கிளார்க்குக்கு மெமோ கொடுத்து நான் பார்த்ததில்லை. இரண்டு ரூபாயை விட்டுவிட்டதற்கு ஆடிட்டில் ஒரு பத்தி எழுதி, அதற்கு நாங்கள் பதில் எழுதி, ‘பதில் ஏற்கத்தக்கதாக இல்லை’ என்று அது திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

என் கதையையே சொல்கிறேன். 1990-களின் நடுவில், எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். எங்கள் பியூன் ஒருவர் (அப்போது அப்படித்தான் சொல்வோம்) பயணப்படி பில்லில் கிலோமீட்டர் கணக்குத் தப்பாகி 1 ரூபாய் 40 பைசா கூடுதலாக வாங்கிவிட்டார். பில்லைப் போட்டது நான்தான், அவர் இல்லை. ஆடிட் பிடித்துவிட்டது. அதற்குள் அவர் மாறுதலில் ராமநாதபுரம் பக்கம் போய்விட்டார். சரி, அங்கே எழுதிப் பிடித்தம் செய்யச் சொல்வோம் என்று ஆரம்பித்தேன்.

ஒரு கடிதம் எப்படிப் போகும் தெரியுமா? நான் குறிப்பு எழுதி வரைவு வைக்கவேண்டும். சூப்பரின்டெண்டென்ட் அதில் ‘விரைவில்’ என்பதை அடித்துவிட்டு ‘உடன்’ என்று திருத்துவார். அதிகாரி சுருக்கொப்பம் போடுவார். டைப்பிஸ்ட் கார்பன் வைத்து மூன்று பிரதி அடிப்பார். ஒருவர் வாசிக்க ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். மறுபடி அதிகாரியிடம் போய்ச் சுத்த நகலில் கையெழுத்து. டெஸ்பாட்சில் எண் போட்டு, சர்வீஸ் தபால்தலைக் கணக்கில் பதிந்து, ஒட்டி அனுப்புவார்கள். என் தன்பதிவேட்டில் (என் மேஜைக் கடிதங்களின் கணக்கு) அந்தக் கோப்பின் எண்ணுக்கு எதிரே தேதி விழும். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் நினைவூட்டு. அப்படி நான்கு நினைவூட்டு போனது. ஐந்தாவது போவதற்குள் பதில் வந்தது: ‘மேற்படியார் ஓய்வு பெற்றுவிட்டபடியால் கடிதம் தங்களுக்கே திருப்பப்படுகிறது.’

அலுத்துப்போய், என் சட்டைப் பையிலிருந்து இரண்டு ரூபாயை எடுத்து, செலான் எழுதி, பேங்கில் கட்டிவிட்டேன். முடிந்தது சனி என்று கோப்பையும் மூடினேன். அடுத்த வருட ஆடிட்டில் புதுக் கேள்வி வந்தது: ‘பெற்றவர் வேறு, செலுத்தியவர் வேறு. மேலும் 60 பைசா கூடுதலாகச் செலுத்தப்பட்டுள்ளது. காரணம் தெரிவிக்க.’

‘தள்ளுபடி செய்யலாமே’ என்பீர்கள். அந்த அதிகாரம் கிளார்க்கிடமும் இல்லை, என்னிடமும் இல்லை, பல சமயம் எங்கள் அதிகாரியிடமும் இருக்காது. 25 ரூபாய் தபால்தலை ஒட்டக் கீழ்மட்டத்தில் கையெழுத்துப் போதும். 2 ரூபாயை விட்டுக்கொடுக்க முன்மொழிவு தயாரித்து, ‘வசூலிக்க எடுத்த முயற்சிகள் என்ன’ என்ற கேள்விக்குச் சான்று இணைத்து, மேலே மேலே அனுப்பவேண்டும். அந்தச் சான்றே நோட்டீஸ் நகல்தான். உங்களுக்கு வந்தது வசூல் நோட்டீஸாகக்கூட இல்லாமல், தள்ளுபடிக் கோப்புக்கான இணைப்பாக இருக்கலாம். கட்டாமல் இருந்து பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. சொல்லமாட்டேன்.

*

அப்பா பெயரிலிருந்த நிலத்துக்கு என் பெயரில் பட்டா மாறிவிட்டது. சிட்டாவில் தீர்வை (நில வரி) 0.83 என்று இருக்கிறது. 83 பைசாவை எந்தக் காசில் கட்டுவது?
*– வாசகி, மன்னார்குடி*

சிட்டாவில் பரப்புக்கு ‘ஹெக் - ஏர்’, தீர்வைக்கு ‘ரூ - பை’ என்று இரண்டு கட்டம் இருக்கும். அந்தப் ‘பை’ கட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது, காசுதான் செத்துப்போனது. 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30-க்கு மேல் செல்லாது. மிச்சமிருப்பது 50 பைசா. அதையும் 10 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வாங்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆக, 83 பைசாவைச் சரியாக எண்ணிக் கொடுக்க இந்த நாட்டில் நாணயமே கிடையாது.

பயப்படாதீர்கள். செஸ் அது இதெல்லாம் சேர்த்து முழு ரூபாயாக்கித்தான் வி.ஏ.ஓ. ரசீது போடுவார். ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை மட்டும் கேலி பண்ணாதீர்கள். அந்த ரசீதில் பசலி எண், அதாவது நிலவரிக் கணக்கு ஆண்டின் எண், இருக்கும். பசலி 1434 என்றால் 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை. நாளைக்குப் பங்காளி ஒருவர் ‘நிலம் என் அனுபவத்தில்தான் இருக்கிறது’ என்று சிவில் கோர்ட்டுக்குப் போனால், உங்கள் வக்கீல் முதலில் கேட்பது வருடா வருடம் போட்ட கிஸ்தி ரசீதை, அதாவது இந்தத் தீர்வை ரசீதைத்தான். என் பெரியப்பா அவற்றை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் சுருட்டி, நாப்தலின் உருண்டை போட்டு வைத்திருந்தார். 1958-லிருந்து ஒரு வருடம் விடாமல் இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த பாட்டிலைப் பார்த்ததுமே சமாதானம் பேச வந்தார். நீங்களும் கட்டுங்கள், ரசீதை வாங்குங்கள், கறையானுக்குக் கொடுக்காதீர்கள்.

*

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்கு மனுப் போட்டேன். ‘இரண்டு பக்கத்துக்கு 4 ரூபாய் அனுப்பினால் தகவல் தரப்படும்’ என்று பதிவுத் தபால் வந்தது. நாலு ரூபாய்க்கு ஒரு பதிவுத் தபாலா?
*– வாசகர், அருப்புக்கோட்டை*

பக்கத்துக்கு 2 ரூபாய் என்பது விதி. கூடுதல் கட்டணம் இருந்தால் கணக்கோடு எழுதித் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டத்தின் 7(3) பிரிவு. ஆகவே அவர் சட்டப்படிதான் நடந்திருக்கிறார். அந்தக் கடிதம் புறப்பட்ட நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள்வரை, தகவல் தரவேண்டிய 30 நாள் கெடுவில் சேராது. இதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

உங்களுக்குத் தெரியவேண்டியது 7(6). 30 நாளுக்குள் தகவல் தராமல் கெடு தாண்டியிருந்தால் அப்புறம் காசே கேட்கக்கூடாது, இலவசமாகத் தரவேண்டும். கடிதத்தின் தேதியை நம்பாதீர்கள், உறை மேல் உள்ள தபால் முத்திரையைப் பாருங்கள். அடுத்த முறை நேரில் போக முடிகிற இடமென்றால், ‘ஆவணங்களைப் பார்வையிட வேண்டும்’ என்று கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. இரண்டு பக்கத்தைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

பதிவுத் தபாலைப் பற்றி இனி கவலை வேண்டாம். 2025-ல் அதை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். நாலு ரூபாய் கேட்டு இனிமேல் வேகமாகக் கடிதம் வரும்.

*

மிகச் சின்னத் தொகைக்காக மிக நீண்ட நாள் நடந்த வழக்கு எது?
*– வாசகர், நெய்வேலி*

நான் அறிந்தவரை 5 பைசா. டெல்லி போக்குவரத்துக் கழகத்தில் ஒரு கண்டக்டர், 1973-ல், ஒரு பெண் பயணிக்கு 15 பைசா டிக்கெட் கொடுக்கவேண்டிய இடத்தில் 10 பைசா டிக்கெட் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. வேலை போனது. 1990-ல் தொழிலாளர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கழகம் விடவில்லை, உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016-ல்தான் அங்கேயும் முடிவுக்கு வந்தது. நடுவில் அந்த 5 பைசா நாணயமே செல்லாக்காசாகிவிட்டது.

மதுராவில் ஒருவர் 1999-ல் இரண்டு ரயில் டிக்கெட் வாங்கினார். 70 ரூபாய்க்குப் பதில் 90 ரூபாய் எடுத்துக்கொண்டார்கள். நுகர்வோர் நீதிமன்றத்தில் நூற்றுக்கு மேல் வாய்தா. 2022 ஆகஸ்ட்டில் ஜெயித்தார்: 20 ரூபாயை 12 சதவீத வட்டியோடு தரவேண்டும், மேலே 15,000 ரூபாய் அபராதம். அவரே வக்கீல் என்பதால் தாக்குப்பிடித்தார். நீங்களோ நானோ இரண்டாம் வாய்தாவுக்கே போயிருக்கமாட்டோம், பஸ் காசு கட்டாது.

‘இருபது ரூபாய்க்கு இவ்வளவா’ என்று சிரிப்பவர்களுக்கு ராஜஸ்தான் கோட்டாக்காரர் ஒருவரைச் சொல்வேன். 2017-ல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பே ரத்துசெய்த ரயில் டிக்கெட்டில் 35 ரூபாய் சேவை வரியாகக் கூடப் பிடித்துவிட்டார்கள். ஐம்பது மனுக்கள் வரை போட்டார். 2019-ல் 33 ரூபாய் வந்தது. விட்டாரா? மீதி 2 ரூபாய்க்கும் நின்றார், 2022-ல் அதுவும் வந்தது. அவர் கேட்டதால் வெளியே வந்த கணக்கு இது: அதேபோல் பணம் பிடிக்கப்பட்டவர்கள் 2.98 லட்சம் பேர், தொகை 2.43 கோடி ரூபாய். அந்தக் கணக்கைப் படித்தபோது என் 60 பைசாவை நினைத்துக்கொண்டேன்.

*

பயிர்க் கடனை முழுதாகக் கட்டிவிட்டேன். ஏதோ பைசா கணக்கில் நிற்கிறது என்று பாக்கியில்லாச் சான்று தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?
*– வாசகர், அந்தியூர்*

மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அதையும் எழுத்தில் கேளுங்கள். 2022 ஏப்ரலில் குஜராத் உயர் நீதிமன்றத்தில் இதே கூத்துதான் நடந்தது. 31 பைசா பாக்கி என்று சொல்லி ஒரு நிலத்துக்குப் பொதுத்துறை வங்கி சான்று தரவில்லை. 50 பைசாவுக்குக் குறைந்ததைக் கணக்கிலேயே எடுக்கக்கூடாதே, இது துன்புறுத்தல் இல்லையா என்று நீதிபதி பிடிபிடியென்று பிடித்துவிட்டார். அந்தச் செய்தித் துணுக்கின் நகலை மனுவோடு இணையுங்கள். 2020-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் ஒரு விவசாயி 3 ரூபாய் 46 பைசா கட்ட 15 கிலோமீட்டர் நடந்தார். பஸ் ஓடாத கொரோனா காலம். நீங்கள் நடக்காதீர்கள்.

*

இதற்கெல்லாம் விடிவே கிடையாதா?
*– கல்லூரி மாணவி, நாகர்கோவில்*

கொஞ்சம் இருக்கிறது அம்மா. வருமான வரியைப் பத்தின் மடங்காக்கித்தான் கணக்கிடவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். பாக்கி 100 ரூபாய்க்குக் கீழே என்றால் உடனே கட்டச் சொல்வதில்லை, பிறகு வரும் ரீஃபண்டில் கழித்துக்கொள்கிறார்கள். 2024 இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பழைய சில்லறை பாக்கிகளை ஒரேயடியாக விட்டார்: 2009-10 வரையிலானதில் 25,000 ரூபாய் வரை, 2010-11 முதல் 2014-15 வரையிலானதில் 10,000 ரூபாய் வரை. சுமார் ஒரு கோடிப் பேருக்குப் பயன் என்றார். அதில் சில பாக்கிகள் 1962-ஆம் வருடத்தவை. அறுபத்திரண்டு வருடம் அதை ஒவ்வொரு மார்ச்சிலும் யாரோ ஒருவர் அடுத்த பேரேட்டுக்கு எடுத்து எழுதியிருக்கிறார். அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு விரல் வலிக்கிறது.

ஜி.எஸ்.டி.யில் 1,000 ரூபாய்க்குக் குறைந்த ரீஃபண்ட் பொதுவாகக் கிடையாது. தரவேண்டாம் என்கிற விதி மட்டும் எப்படியோ சீக்கிரம் எழுதப்பட்டுவிடுகிறது.

*

கேள்விகளைப் போஸ்ட்கார்டில் மட்டும் அனுப்பச் சொல்கிறீர்களே, ஏன்?
*– வாசகர், வந்தவாசி*

கார்டு 50 பைசா. அஞ்சல் துறையே சில வருடத்துக்கு முன் போட்ட கணக்கில், ஒரு கார்டைக் கொண்டுசேர்க்க ஆகும் செலவு 12 ரூபாய்க்கு மேல். இந்த நட்டத்தில் எனக்குக் கோபமே வருவதில்லை. உங்கள் கையெழுத்தின் மேல்தான்.

*

ஓய்வுக்குப் பிறகு உங்களுக்கே இப்படி ஏதாவது வந்திருக்கிறதா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியை, விருத்தாசலம்*

வராமல் இருக்குமா? ஓய்வுபெற்ற இரண்டாம் வருடம், ஊதிய நிர்ணயத்தில் 3 ரூபாய் அதிகமாக வாங்கிவிட்டதாகக் கடிதம். வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். நான் முதலில், அந்தக் கடிதத்தின் தலைப்பில் ‘பார்வை’ என்று முந்தைய கடிதங்களைக் குறிக்கிற இடத்தில் அவர்கள் கொடுத்திருந்த எண்கள் சரியா என்று பார்த்தேன். ஒன்றில் வருடம் தப்பு. சிவப்பு மையில் திருத்தி வைத்தேன், அனுப்பவில்லை.

3 ரூபாயைச் செலானில் சரியாகக் கட்டிவிட்டேன், இந்தமுறை 60 பைசா கூடாமல். செலான் நகலை இணைத்து, நிலுவை இல்லை என்று ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டேன். எட்டு மாதமாகப் பதில் இல்லை. மூன்றாவது நினைவூட்டு போன வாரம் போட்டிருக்கிறேன்.