முதுகு வீங்கின குதிரைக்கு ட்ரீலெஸ் சேணம் வாங்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு சுசீந்திரம் பக்கம். வாழையும் தென்னையும் இருக்கு, கூடவே ஆறு வயசுல மார்வாரி கலப்பு பெட்டைக் குதிரை ஒண்ணு. தெனமும் காலைல தோப்புக்கு ஏறிப் போவேன், ஞாயித்துக்கிழமைன்னா சங்குத்துறை பீச் வரைக்கும் போறது உண்டு. ரெண்டு மாசமா பிடரி முடியுற மேட்டுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் வீக்கம், இடது பக்கம் முடி வெள்ளையா முளைக்குது. உள்ள மரச்சட்டம் இல்லாத ட்ரீலெஸ் சேணம் வாங்கினா எந்தக் குதிரைக்கும் பொருந்தும், முதுகு தானா ஆறிரும்னு ஆன்லைன்ல ஒரு டீலர் சொல்லுகாரு, விலை 28,000. வாங்கலாமா? குதிரை நெஞ்சுச் சுத்தளவு 160 செ.மீ., நீளம் 148 செ.மீ. நான் 88 கிலோ.

பதில்: தம்பி, இப்ப வாங்காதீங்க. வீக்கம் இருக்கற வரைக்கும் எந்தச் சேணமும் வேண்டாம், சும்மா கையில பிடிச்சு நடத்திட்டுப் போங்க. தோல் உரிஞ்சு புண்ணாயிருந்தா முதல்ல மாட்டாஸ்பத்திரிக்குப் போயி டெட்டனஸ் ஊசி போடணும், ஏன்னா அந்த நோய் குதிரைக்கு வர்ற மாதிரி மாட்டுக்குக் கூட வராது. சீழ் வச்சிருந்தா திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்கு வண்டியில ஏத்திக் கொண்டு போங்க. அந்த வெள்ளை முடி இனி கறுக்காது, அழுத்தத்துல முடி வேர்ல நிறம் குடுக்குற செல் செத்துப் போனதோட அடையாளமாக்கும் அது.

நீங்க சேணத்தப் பத்திக் கேட்டீங்க, ஆனா லெட்டர்லயே வேற பதில் கெடக்கு. சுத்தளவ சுத்தளவால பெருக்கி, அத நீளத்தால பெருக்கி 11,880-ஆல வகுத்தா கிலோ கணக்கு வரும், உங்க குதிரைக்கு 319 வருது. குதிரை முதுகுல ஏத்துற மொத்த பாரம் அதோட எடையில 20 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு ஒரு பொதுக் கணக்கு, அப்படின்னா 64 கிலோ. நீங்க 88, சேணமும் அதுக்குக் கீழ விரிக்குற மெத்தையான பேடும் ஒரு 7 கிலோன்னு வைங்க, 95. கிட்டத்தட்ட 30 சதவீதம். இதுக்கு மேல எந்தச் சேணத்த மாத்தி என்ன செய்ய, சொல்லுங்க? வீட்டுல 50 கிலோக்குள்ள ஆள் யாராவது பழகியிருந்தா அவங்க ஓட்டட்டும். உங்களுக்கு தோப்புக்குப் போவணும், வாழைத்தார் கொண்டு வரணும்னா சின்ன வண்டி கட்டுங்க. சக்கரத்துல இழுக்குற பாரம் முதுகுல சுமக்குற பாரத்த விட குதிரைக்கு எவ்வளவோ லேசு.

இனி ட்ரீலெஸ். மரச்சட்டத்தோட வேலையே சவாரிக்காரன் பாரத்த முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் நீளமா பரப்பறதுதான். அத எடுத்துட்டா பாரம் நீங்க உக்கார்ற நடு எடத்துலயும், மிதிபடி வார் தொங்குற எடத்துலயும் வந்து குவியும், ஆள் கனம் கூடக் கூட இது மோசமாவும். எடை கம்மியான ஆளு, கொஞ்ச நேரச் சவாரி, தோள் அகலம் மாறிக்கிட்டே இருக்க இளங்குதிரை, இதுக்கெல்லாம் நல்ல சாமான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா உங்க குதிரை மாதிரி மேடு உசந்த முதுகுல அது நேரா எலும்பு மேலயே உக்காரும். உருண்ட வயித்துக் குதிரைக்கோ பக்கவாட்டுல உருளும், உருளுதுன்னு வயித்து வார இறுக்குவீங்க, பிறகு வார் பட்ட எடத்துல புண்ணு. தரையில நின்னு மிதிபடியில கால் வச்சு ஏறுறதும் ஆகாது, திண்டோ வரப்போ பாத்து அதுல இருந்து ஏறணும். எந்தக் குதிரைக்கும் பொருந்தும்னு ஒரு டீலர் சொன்னா அவன் குதிரை முதுக தொட்டே பாத்ததில்லன்னு அர்த்தம். இம்போர்ட்டட்னு ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறதுல கான்பூர் சரக்கும் உண்டு, அதுல தப்பு ஒண்ணும் இல்ல, கான்பூர்ல நல்லாவே செய்வாங்க, ஸ்டிக்கருக்கு நாம ஏன் காசு குடுக்கணும்னுதான் கேக்கேன்.

நான் சொல்லவந்தது பேடு பத்தியாக்கும். ட்ரீலெஸ்னா கீழ போடுற பேடுதான் பாதிச் சேணம், அதுக்கு யாரும் காசு செலவழிக்க மாட்டேங்கறாங்க. 28,000 சேணத்துக்கு, 400 ரூபா ரெக்சின் பேடு! நம்ம மாவட்டத்துல ஜூன்ல தொடங்குற மழை விட்டுவிட்டு டிசம்பர் வரைக்கும் இழுக்கும், காத்துல ஈரம் கொறையவே செய்யாது, இதுல ரப்பர் பேடு, ஜெல் பேடுன்னு போட்டா வேர்வை வெளிய போக வழியில்லாம தோல் ஊறி வெந்து போவும், ஊறின தோல்ல லேசா உரசினாலே உரியும். கம்பளி நம்தா போடுங்க. சுத்த கம்பளி ஃபெல்ட், அதாவது நெய்யாம கம்பளிய அமுக்கிச் செய்யுற கெட்டி விரிப்பு, ராஜஸ்தான் டோங்க்ல செய்யுறது பேர் போனது. கம்பளி தன் எடையில 30 சதவீதம் வரைக்கும் ஈரத்த உள்ள வாங்கியும் தொட்டா நனைஞ்ச மாதிரி தெரியாது. விரல்கடை கனம் இருக்கணும், பாலியஸ்டர் கலந்து ஏமாத்துவாங்க, ஓரத்துல ரெண்டு இழை பிச்சு தீக்குச்சியில காட்டுங்க, முடி கருகுற வாடை வரணும், பிளாஸ்டிக் மாதிரி உருண்டு கட்டியானா திருப்பிக் குடுத்துடுங்க. நடுவுல முதுகெலும்பு நீளத்துக்கு ரெண்டு மூணு விரல் இடைவெளி விட்டு, ரெண்டு பக்கமும் தனித்தனியா கெட்டியான ஃபெல்ட் வச்சு தைக்கச் சொல்லணும், அந்த வாய்க்கால் இல்லன்னா ட்ரீலெஸ் போடவே கூடாது. ரெண்டு நம்தா வச்சு மாத்தி மாத்திப் போடுங்க, சோப்புத்தூள் போடாம பச்சத்தண்ணியில அலசி நெழல்ல காத்தாட விரிங்க. பூஞ்சை மணம் வந்தா அன்னிக்கு அத முதுகுல ஏத்தாதீங்க, சொறி பிடிக்கும்.

ஆறினப்புறம் அரை மணி நேரம் லேசான ஆள ஏத்தி ஓட்டிட்டு சேணத்த எறக்கி வேர்வையப் பாருங்க. எல்லா எடமும் ஒண்ணு போல நனைஞ்சிருந்தா சரி, நனைஞ்ச முதுகுல நடுவுல ஒரு எடம் மட்டும் காய்ஞ்சு கெடந்தா அங்கதான் அழுத்தம், இல்லன்னா அங்க பேடு தொடவே இல்ல. முடி கலைஞ்சு சுழிச்சிருந்தா சேணம் நகருது. ரெண்டு மணி நேரம் கழிச்சு உள்ளங்கைய வச்சுத் தடவுங்க, சூடோ, தொட்டதும் முதுக நெளிக்கிறதோ இருந்தா மறுநாள் ஏறக்கூடாது.

அப்பவும் சேணம் வாங்கணும்னா மிதிபடி வார் அகலமான பட்டையில பிரிஞ்சு மாட்டியிருக்கான்னு பாருங்க. ஒரே குறுகின வார் முதுகெலும்பு மேல குறுக்க போயி ரெண்டு பக்கமும் தொங்குதுன்னா வேண்டாம். பத்து நாள் போட்டுப் பாத்து திருப்பித் தர சம்மதிச்சா மட்டும் காசு அனுப்புங்க. அடுத்த தடவ எழுதும்போது முதுகு போட்டோ ஒண்ணு அனுப்புங்க, பக்கவாட்டுல வேண்டாம், ஆள் குதிரையைப் பிடிச்சுக்க, கொஞ்சம் தள்ளி ஸ்டூல் போட்டு பின்னால இருந்து எடுக்கணும், ரெண்டு தோளும் தெரியற மாதிரி.