நாலே நாள்ல திரும்பி வந்த பேப்பர் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் ஒரு கணக்கு டீச்சர். வேலை பாத்துக்கிட்டே பிஎச்.டி. முடிச்சேன். ஏழாம் வகுப்பு பிள்ளைங்க பின்னக் கணக்குல பண்ற தப்ப அவங்களே ஒரு நோட்டுல எழுதி, ஏன் அந்தத் தப்பு வந்துச்சுன்னும் எழுத வச்சேன், அதுக்கு 'தப்பு நோட்டு'ன்னே பேரு. ரெண்டு செக்‌ஷன், எட்டு வாரம். தீசிஸ்ல இருந்து ஒரு சாப்டர எடுத்து ஒரு கல்வி ஜர்னலுக்கு அனுப்புனேன், நாலே நாள்ல 'எங்கள் ஸ்கோப்புக்குப் பொருந்தவில்லை'ன்னு திரும்பி வந்துருச்சு. என் இங்கிலீஷ் மோசமா சார்? ஏஐ வச்சு சரி பண்ணா தப்பா? பணம் கட்டுனா பத்தே நாள்ல பப்ளிஷ் பண்றோம்னு இன்னொரு ஜர்னல்ல இருந்து மெயில் வந்துக்கிட்டே இருக்கு, அதுக்குப் போயிடலாமான்னு இருக்கு. கைடு பேர முதல்ல போடணுமான்னும் சொல்லுங்க. பேப்பர இதோட வச்சிருக்கேன், நேரம் இருந்தா பாருங்க.

– ஒரு டீச்சர்

அன்புள்ள டீச்சர்,

பேப்பர படிச்சேன், 31 பக்கத்தையும். அந்த எடிட்டர் அவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டாரு. நாலு நாள்ல திரும்பி வந்திருக்குன்னா அது பேப்பர மதிப்பிடற வெளியாளு, அதாவது ரிவ்யூவர், கைக்கே போகலன்னு அர்த்தம், எடிட்டர் மட்டும் பாத்துட்டு திருப்பி விட்டுருக்காரு, டெஸ்க் ரிஜெக்ட்னு சொல்லுவாங்க. கேக்க கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா ஆறு மாசம் கிடப்புல போட்டுட்டு அப்புறம் இதையே சொல்ற ஜர்னலோட ஒப்பிட்டா உங்களுக்கு அவரு நல்லதுதான் பண்ணிருக்காரு.

இங்கிலீஷ் மோசமில்ல. பிரச்சனை வேற. உங்க முதல் பத்தி 'கல்வி மனித வளர்ச்சியின் அடித்தளம்'னு ஆரம்பிக்குது, ரெண்டாவது பத்தி கணிதத்தோட முக்கியத்துவம், மூணாவது பத்தி பின்னம்னா என்னன்னு விளக்கம். கல்வி ஜர்னல் நடத்துற ஆளுக்கு கல்வி முக்கியம்னு சொல்றோம் பாருங்க! தப்பு நோட்டுங்கற வார்த்தையே ஆறாவது பக்கத்துலதான் வருது. தீசிஸ் எழுதும்போது நமக்கு எல்லாம் தெரியும்னு எக்ஸாமினருக்குக் காட்டணும், அதுனால அடிப்படையில இருந்து கட்டிக்கிட்டு வருவோம், ஜர்னல் பேப்பர்ல அந்த வேலையே கிடையாது, அங்க ஏற்கனவே நாலு பேரு ஒரு விஷயத்தப் பத்திப் பேசிக்கிட்டிருக்காங்க, நீங்க நடுவுல போய் உக்காந்து 'நான் பாத்தது கொஞ்சம் வேற மாதிரி இருக்கு'ன்னு சொல்றீங்க, அவ்வளவுதான் பேப்பர். அதுனால சாப்டர வெட்டி பேப்பராக்குற வேலை பெரும்பாலும் கைகூடாது, டேட்டாவ மட்டும் பக்கத்துல வச்சுக்கிட்டு புதுசா எழுதிடறது லேசு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். உங்க பேப்பர்ல 19ம் பக்கம்னு ஒண்ணு இருக்கே, அத எழுதுனது நீங்கதானா? ஒரு பையன் முதல் வாரம் தன்னோட தப்புக்குக் காரணமா 'கவனக்குறைவு'ன்னு எழுதறான், ரெண்டாவது வாரமும் 'கவனக்குறைவு', அஞ்சாவது வாரம் 1/2 + 1/3 = 2/5ன்னு போட்டுட்டு கீழ எழுதறான், 'பகுதியையும் பகுதியையும் கூட்டிட்டேன், ஆனா பாதியோட இன்னும் கொஞ்சம் சேத்தா பாதிய விட எப்படி குறையும்'னு. நான் அந்த இடத்துல படிக்கறத நிறுத்திட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். இதுதான் டீச்சர் உங்க பேப்பர்! பிள்ளைங்க தப்ப தன்னோட குணமா பாக்கறதுல இருந்து ஒரு கணக்கு விஷயமா பாக்க எப்படி நகர்றாங்கங்கறது. இத 19ம் பக்கத்துல நாலு வரில சொல்லிட்டு, டேபிள் 4ல போய் ரெண்டு செக்‌ஷன் மார்க்குக்கும் டி-டெஸ்ட் (ரெண்டு சராசரிக்கு நடுவுல இருக்கற வித்தியாசம் தற்செயலான்னு பாக்கற கணக்கு) போட்டு 'தப்பு நோட்டு சாதனையை உயர்த்துகிறது என்று நிரூபணமாகிறது'ன்னு முடிச்சிருக்கீங்க.

நிரூபணம் ஆகல. ஒரு செக்‌ஷன்ல நோட்டு, இன்னொரு செக்‌ஷன்ல இல்ல, அப்ப வித்தியாசம் நோட்டால வந்துச்சா இல்ல அந்த செக்‌ஷனே அப்படித்தானான்னு பிரிச்சுப் பாக்க வழியே இல்ல, பிள்ளைங்க எத்தன பேர் இருந்தாலும் வகுப்பு ஒண்ணுக்கு ஒண்ணுதானே. ரிவ்யூவர் கண்ணு முதல்ல இங்கதான் நிக்கும். அமெரிக்க கல்வி ஆராய்ச்சிச் சங்கம் 2006ல ஆய்வறிக்கை எழுதறதுக்குன்னு ஒரு ஸ்டாண்டர்டு போட்டாங்க, அதுல அடிப்படையா ரெண்டே விஷயம்தான், நீங்க சொல்ற முடிவுக்குப் போதுமான ஆதாரம் இருக்கணும், அந்த முடிவுக்கு எப்படி வந்தீங்கன்னு வெளிப்படையா தெரியணும். டேபிள் 4 முதல் விஷயத்துலயே அடிபடுது. 19ம் பக்கம் ரெண்டுலயும் பாஸ் ஆகும், ஆனா நோட்டுல இருக்கறத எப்படி வகை பிரிச்சீங்க, நீங்க ஒரு ஆளு மட்டும் பிரிச்சீங்களா வேற யாராவது தனியா பிரிச்சு ஒத்துப் பாத்தாங்களா, வகைக்குள்ள அடங்காத பிள்ளைங்கள என்ன பண்ணீங்கன்னு எழுதணும். அடங்காதவங்கள ஒளிச்சு வைக்காதீங்க, எழுதற எல்லாரும் ஒளிக்கறது அதத்தான், ரிவ்யூவர் தேடறதும் அதத்தான்.

இன்னொண்ணு, நீங்களே டீச்சர், நீங்களே ஆராய்ச்சியாளர். மார்க்கு போடற ஆளு 'ஆய்வுல கலந்துக்கறியா'ன்னு கேட்டா எந்தப் பிள்ளை முடியாதுன்னு சொல்லும்? பெத்தவங்க கையெழுத்து வாங்குனேன்னு ஒரு வரி போட்டிருக்கீங்க, பத்தாது. பிள்ளைங்க கிட்ட எப்படி கேட்டீங்க, வேண்டாம்னு சொன்னவங்க நோட்ட என்ன செஞ்சீங்க, யாரு எதிக்ஸ் அனுமதி குடுத்தாங்க, எல்லாத்தையும் எழுதுங்க. இந்த ரெட்டை வேஷத்தப் பத்தி பிரிட்டிஷ் கல்வி ஆராய்ச்சிச் சங்கத்தோட எதிக்ஸ் வழிகாட்டிலயே இருக்கு, அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சிருங்க.

ஜர்னல் தேர்வு. என்ன மாதிரி பேப்பர் போடுவோம்னு ஜர்னல் சொல்ற எய்ம்ஸ் அண்ட் ஸ்கோப் பக்கத்தப் படிச்சா எல்லா ஜர்னலும் எல்லாத்தையும் வரவேற்கற மாதிரிதான் இருக்கும், அத நம்பாதீங்க. கடைசி ரெண்டு வருஷ இதழ்ல தலைப்பையும் அப்ஸ்ட்ராக்டையும் மட்டும் படிச்சுக்கிட்டே போங்க, ஒரு சாயங்காலம் ஆகும், அவங்க வகுப்பறை உள்ள நடக்கறத போடறாங்களா இல்ல நாடு தழுவுன பரீட்சை டேட்டாவையும் பாலிசியையும்தான் போடறாங்களான்னு தெரிஞ்சுரும். நீங்க அனுப்புன ஜர்னல் ரெண்டாவது வகை. உங்களுக்குக் கணக்குக் கல்விக்குன்னே இருக்கற ஜர்னல், இல்லன்னா ஆசிரியர் ஆய்வுக்கு இடம் குடுக்கற ஜர்னல் சரியா வரும். அப்புறம் அவங்க போட்ட பேப்பர்ல உண்மையாவே உங்க விஷயத்தத் தொட்டது இருந்தா எடுத்துப் பேசுங்க, எடிட்டர சந்தோஷப்படுத்த சும்மா நாலு ரெஃபரன்ஸ சொருகாதீங்க, அது அவருக்கும் தெரியும்.

யாரு எழுதுனதுன்னு ரிவ்யூவருக்குத் தெரியக்கூடாதுன்னு பேரில்லாம அனுப்பறோம்ல, அதுல நீங்க கோட்ட விட்டிருக்கீங்க. டைட்டில் பக்கத்தத் தனியா பிரிச்சீங்க சரி, ஆனா மூணாவது பக்கத்துல 'எனது முந்தைய கட்டுரையில்'னு போட்டு உங்க பேரு வருஷத்தோட இருக்கு, படம் 2ல நோட்டு அட்டையில ஸ்கூல் பேரு முத்திரையோட தெரியுது, ஒரு பிள்ளையோட பேரும் தெரியுது, அது இன்னும் மோசம். வேர்டுல இன்ஃபோ பக்கத்துக்குப் போனா இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்னு ஒண்ணு இருக்கு, அத ஓட்டுங்க, ஃபைலுக்குள்ள ஒட்டிக்கிட்டிருக்கற பேரும் கமெண்டும் போயிரும். நான் ஒரு தடவ அத ஓட்டாம அனுப்பிட்டேன், கூட எழுதுன நண்பர் ஓரத்துல 'இந்த டேபிள் நமக்கே புரியல, ரிவ்யூவர் கேட்டா பாத்துக்கலாம்'னு கமெண்ட் போட்டது அப்படியே போயிருச்சு. ரிவ்யூவரோட முதல் பாயிண்ட் ஒரே வார்த்தை: 'கேட்கிறேன்.'

ரெஃபரன்ஸ் பத்தி ரொம்ப சொல்ல வேண்டியதில்ல, நீங்க ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) ஸ்டைலோட 6வது பதிப்புல நிக்கறீங்க, 7வது 2019லயே வந்தாச்சு, புத்தகத்துக்கு பதிப்பகம் இருக்கற ஊரு பேரு இனி வேண்டாம், மூணு பேரு எழுதுனதுன்னா முதல் தடவையே 'மற்றும் பிறர்' பாணிக்குப் போயிடலாம். அதுக்கு முன்னாடி ஜர்னல் எந்த ஸ்டைல் கேக்குதுன்னு பாருங்க, எல்லாரும் ஏ.பி.ஏ. கேக்கறதில்ல.

ஏஐ: மொழிய சரி பண்ணிக்க நிறைய ஜர்னல் விடறாங்க, பயன்படுத்துனேன்னு சொல்லிரணும், ஜர்னல் விதிய பாத்துக்கங்க. ஆசிரியர்னு அதோட பேர போட முடியாதுன்னு பதிப்பு நெறிமுறைக்கான கமிட்டி, 'கோப்'னு சொல்றது, 2023லயே சொல்லிட்டாங்க. ரெஃபரன்ஸ் மட்டும் அதுகிட்ட கேக்காதீங்க, இல்லாத பேப்பர இருக்கற ஆளு பேருல அழகா செஞ்சு குடுக்கும்.

பத்து நாள் பப்ளிஷ் ஆளுங்க கிட்ட போகாதீங்க. பணம் வாங்கறதே தப்பு இல்ல, யாரு வேணா இலவசமா படிக்கலாம்னு விடற ஒழுங்கான ஓப்பன் ஆக்சஸ் ஜர்னலும் வாங்கும், ஆனா படிக்கறதுக்கு முன்னாடியே தேதி குறிச்சுக் குடுக்கறவன் எப்படி ரிவ்யூ பண்ணுவான்? அங்க ஒரு தடவ வந்துருச்சுன்னா 19ம் பக்கத்த வேற எங்கயும் புதுசுன்னு குடுக்க முடியாது. ஓப்பன் ஆக்சஸ் ஜர்னலுக்குன்னே இருக்கற டி.ஓ.ஏ.ஜே. பட்டியல்ல இருக்கான்னு பாருங்க, 'திங்க் செக் சப்மிட்'னு ஒரு தளம் இருக்கு, அதுல இருக்கற கேள்விய எல்லாம் கேட்டுப் பாருங்க. ஒரே நேரத்துல ரெண்டு ஜர்னலுக்கு அனுப்பற வேலையும் வேண்டாம்.

கைடு விஷயம் எழுதத் தயக்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் கேட்டுட்டீங்க. அமெரிக்க உளவியல் சங்கத்தோட நெறிமுறையில தெளிவா இருக்கு, பிஎச்.டி. ஆய்வ வச்சு எழுதற கூட்டுக் கட்டுரைல விதிவிலக்கான சூழ்நிலை தவிர மாணவர்தான் முதல் பேரு. கைடு நிஜமா எழுத்துலயும் பகுப்பாய்வுலயும் கை வச்சிருந்தா ரெண்டாவதா வரட்டும், இல்லன்னா நன்றி பகுதில மரியாதையா போடுங்க. இந்தப் பேச்ச எழுதி முடிச்சப்புறம் ஆரம்பிச்சா சண்டைதான், இப்பவே பேசிருங்க, நெறிமுறையக் காட்டி பேசாதீங்க, 'ஐயா எப்படிப் போடலாம்'னு கேட்டு ஆரம்பிங்க.

அந்தப் பையன் நோட்டுல இருந்து ஆரம்பிச்சு 250 வார்த்தைக்குள்ள ஒரு அப்ஸ்ட்ராக்ட் மட்டும் எழுதி அனுப்புங்க, மீதி 30 பக்கத்த அப்புறம் பேசிக்கலாம். டேபிள் 4 வேண்டாம்.