டாக்டரைக் கேளுங்க: "இவங்க அப்படித்தான்"னு விட்டுடலாமா?

கேள்வி: நர்சிங் மூணாவது வருஷம் படிக்கிறேன் டாக்டர். ஆட்டிசம் பத்தி பரீட்சையில நல்லாவே எழுதினேன், ஆனா குழந்தைங்க வார்டு போஸ்டிங்ல பேச்சு வராத ஒரு பையன் கன்னத்துல மாத்தி மாத்தி அடிச்சுக்கிட்டப்போ கையைப் பிடிக்கப் போனேன், இன்னும் மோசமாயிடுச்சு. சீனியர் ஒருத்தங்க "இவங்க அப்படித்தான்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அப்படித்தானா?

பதில்: இல்லம்மா. எனக்கு அந்த பதில்தான் பயமா இருக்கு, ஏன்னா அதைச் சொன்னதும் நாம பார்க்கறதை நிறுத்திடறோம். பேச்சு வராத பையன் "காது வலிக்குது"ன்னு எப்படிச் சொல்வான், அடிச்சுக்குவான், தலைய முட்டுவான், ராத்திரி தூங்கமாட்டான். அதனால மொதல்ல அம்மாகிட்ட "இது வழக்கமா பண்றதா, புதுசா?"ன்னு கேளுங்க. புதுசுன்னா டாக்டர்கிட்ட சொல்லி காது, பல்லு, தொண்டை, வயிறு எல்லாம் பார்க்கச் சொல்லுங்க, மலச்சிக்கல் இருக்கான்னும் விசாரிங்க, அது இவங்களுக்கு ரொம்ப சகஜம். வலிப்பும் மத்தவங்கள விட இவங்களுக்கு அதிகமா வரும், அதையும் மறந்துடாதீங்க.

தொடற விஷயத்துக்கு வரேன். பிபி பட்டை இறுக்கறதும் மானிட்டர் கத்தறதும் நமக்கு ஒண்ணுமில்ல, சிலருக்கு தாங்கவே முடியாது. பட்டையை மொதல்ல உங்க கையில சுத்திக் காட்டுங்க, ஒரே ஒரு விஷயத்தை சின்னதா சொல்லுங்க, சொல்லிட்டு சும்மா இருங்க (இதுதான் நம்மாளுங்களுக்கு வரவே வராது, உடனே அதையே சத்தமா திரும்பச் சொல்வோம்). கண்ணைப் பார்த்தே ஆகணும்னு வற்புறுத்தாதீங்க, பார்க்காமலும் கேட்டுக்கிட்டுதான் இருப்பாங்க.

கேள்வி: நான் எம்.பி.பி.எஸ். மாணவன். வளர்ப்பு சரியில்லாததாலயும் தடுப்பூசியாலயும்தான் ஆட்டிசம் வருதுன்னு கூடப் படிக்கிறவங்களே சொல்றாங்களே?

பதில்: டாக்டராகப் போறவங்க இதைச் சொன்னா கோவம்தான் வருது. லியோ கானர்ங்கிற மனநல டாக்டர் 1943-ல ஆட்டிசம் பத்தி எழுதின பிறகு, பாசமில்லாத அம்மாதான் காரணம்னு ஒரு பேச்சு பல வருஷம் ஓடுச்சு, எத்தனை அம்மாக்கள் அழுதிருப்பாங்களோ. அது தப்புன்னு எப்பவோ முடிவாயிடுச்சு, மரபணுவோட பங்குதான் பெருசு. தடுப்பூசி கதை 1998-ல 'லான்செட்'ங்கிற மருத்துவப் பத்திரிகையில வந்த ஒரு கட்டுரையில ஆரம்பிச்சது, 2010-ல அந்த பத்திரிகையே அதை வாபஸ் வாங்கிடுச்சு, எழுதின வேக்ஃபீல்டோட டாக்டர் பதிவும் அதே வருஷம் போச்சு.

கேள்வி: நல்லாப் படிக்கிற, கண்ணைப் பார்த்துப் பேசற பொண்ணுக்கும் ஆட்டிசம் இருக்குமா? பிசியோதெரபி படிக்கிறேன், நம்பவே முடியல.

பதில்: இருக்கும். நிறைய பொண்ணுங்க மத்தவங்களைப் பார்த்துப் பார்த்து பழகி வெளியே தெரியாம மறைச்சுக்கறாங்க, வீட்டுக்குப் போனதும் சோர்ந்து விழறாங்க, பல பேருக்கு பெரியவங்களான பிறகுதான் கண்டுபிடிக்கறாங்க. உங்ககிட்ட அப்படி ஒருத்தங்க வந்து எனக்கு ஆட்டிசம்னு சொன்னா "பார்த்தா தெரியலையே"ன்னு சொல்லாதீங்க, "சிகிச்சையில எது உங்களுக்கு கஷ்டமா இருக்கும்?"னு கேட்டுட்டு வேலையை ஆரம்பிங்க.